சிலம்பை உடைக்காத வழக்கு

கண்ணகி பாண்டியனிடம் இரக்கம் வேண்டினாளல்லள். சான்றை நோக்கச் சொன்னாள். பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்தவன் பாண்டியன். எனினும் அவனிடத்து ஒரு நேர்மை இருந்தது. கைப்பற்றிய சிலம்பை மறைக்காமல் அவள்முன் வைப்பித்தான். உடைத்தபோது முத்துத் தெறிக்கவில்லை, மாணிக்கம் தெறித்தது. வழக்குரை காதையைப் பயில்வோர் கண்ணகியின் சினத்தையே பெரிதும் பேசுவர். அங்கு நிகழ்ந்த சான்றாய்வைப் பேசுவோர் சிலரே. மலேசியக் காற்பந்துலகில் 1995-இல் நடந்த விசாரணையை எடைபோட அப்பகுதியே தக்க படிக்கல் எனலாம்.

சூதாட்டத் தரகரிடம் கையூட்டுப் பெற்று ஆட்டத்தை விற்றனர் என்பது குற்றச்சாட்டு. 126 ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநிறுத்தப்பட்டனர். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். நோய் இருந்தது மெய்யே. மருத்துவம் எத்தகையது என்பதே வினா.

சபா அணித்தலைவர் மட்லான் மர்ஜானைக் காண்க. 1991 ஜூனில் கோலாலம்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக மலேசியா அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை. 1995-இல் சபா ஆட்டக்காரர் அறுவரோடு அவரும் கைதானார். வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை. எனினும் ஆயுள்தடை வந்தது. வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வேறு மாவட்டத்துக்கு அனுப்பும் ஆணையும் வந்தது. சான்று போதாது என்பதற்கும் தண்டனை உண்டு என்பதற்கும் இடையே என்ன ஏரணம் உளது?

அச்சட்டம் வெள்ளையர் 1933-இல் இயற்றியது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. அமைச்சரின் ஆணை போதும். (தோட்டத் தமிழருக்கு இவ்வகை நீதி புதிதன்று. 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டதும் நிர்வாக ஆணையாலேயே.) 2011-இல்தான் அது நீக்கப்பட்டது.

தரகன் பற்றுச்சீட்டுத் தருவானா, சாட்சி அஞ்சமாட்டானா எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமே. ஆனால் சிங்கப்பூரிலும் தரகர் பற்றுச்சீட்டுத் தந்ததில்லை. 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த அப்பாஸ் சாட், மறு ஆண்டே அங்கு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு 50,000 வெள்ளி அபராதம் பெற்றார். தீர்ப்பை ஏற்பவரும் மறுப்பவரும் எடுத்துப் பேச அங்கே ஒரு வழக்கு உண்டு. மட்லானைப் பற்றிப் பேச வதந்தியே உண்டு. குற்றமற்றவன் தன்னை மெய்ப்பிக்க வழியில்லை. குற்றவாளியும் தீங்கிழைக்கப்பட்டவன்போல் நடிக்கலாம். சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்தவனுக்கோ, எந்த ஆட்டம் விற்கப்பட்டதென்பது இன்றளவும் தெளிவில்லை.

இனி, நெகிரி செம்பிலானுக்கே வருவோம். 2012 பிப்ரவரியில் இம்மாநிலத்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியைச் சேர்ந்த 18 பேருக்கு மலேசியக் காற்பந்துச் சங்கம் அபராதமும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தடையும் விதித்தது. பயிற்றுநர் ஒருவருக்கு ஆயுள்தடை. எல்லாரையும் ஒரே கோலால் அடிக்காமல், பையன்களுக்கு ஓரளவும் அவர்களை நடத்திச் சென்றவருக்கு வேறளவும் வைத்தமை 1995-ஐ நோக்க முன்னேற்றமே. ஆயினும் ஆட்டத்தை நடத்துவதும் சங்கம், குற்றம் சாட்டுவதும் சங்கம், தீர்ப்பளிப்பதும் சங்கம். இருபது வயதினன் ஒருவனுக்கு ஐந்தாண்டு என்பது அவன் கால் வலுவாய் இருக்கும் காலத்தில் ஏறக்குறையப் பாதி.