வாயில் காவலனிடம் சொன்ன சொல்

நட்பைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழன் பெயர்களே முதலில் ஒலிக்கின்றன. காணாமலே வளர்ந்து, வடக்கிருந்த நண்பனருகே உயிர்விட்டு நிறைவுற்ற அந்நட்பு போற்றற்குரியதே. ஆயினும், நாள்தோறும் கண்டு பழகுவோர்க்கு நேரும் உரசல் அதில் இல்லை. சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் அடுத்தடுத்து வாழும் மாணவனுக்கு வேண்டியது அவ்வுரசலின் பாடமன்றோ?

அதனைத் தருபவர் ஔவையார். நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியே ஒருமுறை பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். புறநானூற்றின் 206ஆம் பாட்டில் அவர் சினம் வாயில் காவலனை நோக்கிப் பாய்கிறது. மன்னன் தன்னையும் அறியானோ, தம்மையும் அறியானோ என்கிறார். புலமையுடையோர் எங்குச் சென்றும் பிழைப்பர் என்கிறார். கேட்கவேண்டியவன் உள்ளே; கேட்டு நிற்பவன் வாயிலில். மனத்தாங்கலை உரியவரிடம் சொல்லாமல் பிறரிடம் சொல்லும் வழக்கம் அத்துணைப் பழைமையானது!

101ஆம் பாட்டிலோ, காலம் தாழ்ந்தாலும் அவன் கொடை யானை தன் கொம்பிடை வைத்த கவளம்போல் தப்பாது என்கிறார். எது முற்பட்ட பாட்டு எனத் துணிதல் அரிது. தேர்வுக்கு நெல்லிக்கனியை மட்டும் படிக்கும் மாணவன் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதில்லை, இழப்பு அவனுடையது.

அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டில், காத்து நின்ற அந்நாளின் கசப்புக்கு இடமே இல்லை. அவன் பகிர்ந்தளித்த கள்ளும் சோறுமே அவர் நினைவில் எழுகின்றன.