பூவைத் தாங்கும் கலமே பாதி வெற்றி

மலர் அலங்காரப் போட்டிகளில் தோற்பவர்கள் பூவைக் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பல தோல்விகளுக்குக் காரணம் கீழே இருக்கும் கலம்தான்.

மேடையில் இரண்டு ஆட்டமுறைகள் மோதுகின்றன. மேற்கத்திய பாணி நிறைத்து ஆடுவது. பூவும் இலையும் முக்கோணமாகவோ வட்டமாகவோ அடர்ந்து நிற்கும். உயரம் கலத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. விளிம்பு மறைந்தாலும் குற்றமில்லை. ஜப்பானின் இகபானா இதற்கு நேர் எதிர்: குறைத்து ஆடுவது. 1895-ல் ஓஹாரா உன்ஷின் தொடங்கிய மரபு, தாழ்வான அகலக் கிண்ணத்தில் மலர்களை அடுக்கும் மொரிபானாவைத் தந்தது. 1927-ல் சோஃபு தெஷிகாஹரா தொடங்கிய சோகெட்சு மரபோ கலத்தை வைத்தே கணக்கைத் தொடங்குகிறது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். கிண்ணத்தின் அகலம் 30 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்றால் கூட்டுத்தொகை 36. நடுத்தர அளவுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 54 செ.மீ., அலங்காரத்தின் மூன்று முதன்மைக் கிளைகளில் முதல் கிளைக்கு. இரண்டாவது கிளை அதில் முக்கால் பங்கு. மூன்றாவது, இரண்டாவதில் முக்கால் பங்கு. கலம் தவறினால் மூன்று கிளைகளும் தவறும். அதோடு, இங்கே நீர்ப்பரப்பும் வெற்றிடமும் நடுவரின் கண்ணில் நேராகப் படும். கலத்தின் பளபளக்கும் மெருகு ஒளியை வாரிக்கொண்டு பூவின் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். மங்கல் மெருகு ஒதுங்கி நின்று பூவுக்கு வழிவிடும்.

இப்போது ஆட்டத்தின் விதியும் மாறிவருகிறது. 1954 முதல் பூத்தண்டுகளைக் குத்தி நிறுத்தப் பயன்பட்ட பச்சை ஃபோம், நுண்பிளாஸ்டிக்காக உதிரும் பொருள். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021-ல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்தது. ஃபோமை நம்பி நிறைத்து ஆடியவர்கள் இனி தண்டைக் குத்தி நிறுத்தும் ஆணித்தகட்டையும் கம்பி வலையையும் கலத்தின் வாய் அமைப்பையும் நம்பியாக வேண்டும். ஆணித்தகடு வெளியே தெரியாமல் மறைய ஆழம் வேண்டும்; அது சாயாமல் உட்கார அடித்தளம் சமமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் விருத்தாசலம் களத்துக்குள் வரவேண்டும். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வியும் ஒரே ஊரில் இருக்கின்றன. மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்களும் அகல் விளக்குகளும் கொலு பொம்மைகளும் செய்து பழகிய கைகள் அங்கே உண்டு. நீர் கசியாதபடி இறுகச் சுடும் அறிவு அந்தச் சூளைகளுக்குப் புதிதல்ல. மங்கல் சாம்பல், இரும்புப் பழுப்பு மெருகில், அடி கனத்து, வாய் விரிந்த கிண்ணங்கள் அங்கிருந்து வந்தால், நம் போட்டியாளர் விலையுயர்ந்த இறக்குமதிக் கலத்தைத் தேட வேண்டியதில்லை. நெட்டாக நிற்கும் சம்பங்கித் தண்டு முதல் கிளையாகலாம், தாமரை மொட்டு இரண்டாவதாகலாம், தாழ்ந்த சாமந்தி மூன்றாவதாகலாம்.

ஊட்டி மலர்க் கண்காட்சியில் மலர் அலங்காரத்துக்கும் இகபானாவுக்கும் போட்டி நடக்கிறது. அதில் தமிழ்நாட்டுக் கலத்துக்கெனத் தனிப் பிரிவு ஒன்று வைக்கட்டும். விதித்தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி வந்தால் போட்டியாளர் சூளைக்காரரிடம் அளவு சொல்லிச் செய்யச் சொல்வார்; சூளைக்காரர் பூவின் எடையை அறிந்து சுடுவார். நம் அலங்காரக் கலை அடுத்த படிக்கு ஏற இந்தப் பேச்சுவார்த்தைதான் தேவை.