ஆச்சியின் பல் கறை

திருவேங்கடத்தில் என் ஆச்சி போயிலை போடுவாள். “பல்லப் பாரு, கறை புடிச்சுக் கெடக்கு. நாலு பேரு முன்னால எப்டிச் சிரிப்ப?” என்பார் தாத்தா. அவர் பீடி குடித்தால் மட்டும், “நெஞ்சு கெட்டுப்போகும்” என்று வீடே பதறும். இரண்டும் புகையிலைதான். ஆணுக்கு நெஞ்சு, பெண்ணுக்குப் பல்.

அழகைச் சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்கிறார்கள். சிலர் கேட்கவும் கூடும். ஆனால் தாத்தா இறந்தபின் ஆச்சி சிரிப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கறைப் பேச்சு நின்றது, போயிலை நிற்கவில்லை.

2016 ஏப்ரல் முதல் இந்தியாவில் புகையிலைப் பொட்டலங்களின் முதன்மைப் பரப்பில் 85 விழுக்காடு எச்சரிக்கைக்கு உரியது. எழுத்து உடம்புக்கு வரும் கேட்டைச் சொல்கிறது. படங்கள் சிதைந்த வாயையும் காட்டியிருக்கின்றன. பெட்டிக்கடையில் கிள்ளித் தரும் போயிலைக்கு உறை ஏது, படம் ஏது? ஆச்சிக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை வீட்டாரின் கேலிதான்.

அவள் ஏன் போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. களையெடுக்கும்போதும் தீப்பெட்டி ஒட்டும்போதும் பசி தெரியாமல் இருக்கத்தான். நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்தும். ஆறாத வாய்ப்புண்ணும் வெள்ளைத் திட்டும் வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னவரும் இல்லை.

அழகு கெடும் என்பது அவளைப் பார்க்கிறவர்களின் நஷ்டம். உடம்பு கெடும் என்பது அவளுடைய நஷ்டம். நாற்பதைத் தாண்டிய பெண்ணையும், கணவனை இழந்தவளையும், கண்ணாடி பார்க்க நேரமில்லாதவளையும் முதல் வாதம் கைவிட்டுவிடுகிறது. ‘முகம் பொலிவு இழக்கும்’ என்று பெண்களுக்கு அறிவுரை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: அவளுடைய நஷ்டத்தை முதலில் பேசுங்கள். அதற்கும் முன்னால், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.