கண்டி – பதுளை: ஜன்னலுக்கு வெளியே இருப்பது இயற்கையா?

போன வருஷம் கண்டியிலிருந்து பதுளை வரை ரயிலில் போய்வந்தேன். அந்த நினைப்பில், அதே பாதையைப் பற்றிய பயணக் காணொளிகள் பத்துப் பதினைந்தை ஒரே மூச்சில் பார்த்தேன். நாலாவதிலேயே புரிந்துவிட்டது, எல்லாமே ஒரே காணொளிதான். கதவோரம் தொங்கும் கால்கள், வளைவில் தெரியும் நீலப் பெட்டி, பனிமூட்டம், தேயிலைச் சரிவு, கடைசியில் ஒன்பது வளைவுப் பாலம். நடுவில் இரண்டு வினாடி கொழுந்து பறிக்கும் பெண்கள். பின்னணி இசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ரசிப்பதைக் குறை சொல்லவில்லை. நானும் கதவோரம் நின்றவன்தான். பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெமோதரையில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்து, தான் விட்டுவந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. நேரில் பார்க்காதவரிடம் சொன்னால் கதை விடுறேன்னு நினைப்பார்.

என் சண்டை ஒரே ஒரு சொல்லோடுதான். எல்லாரும் இதை 'இயற்கை' என்கிறார்கள். காட்டை வெட்டி, இடுப்பளவுக்குக் கவ்வாத்து பண்ணி வைத்திருக்கும் தோட்டம் எப்படிங்க இயற்கையாகும்? மலையில் விளைந்த காப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது. இலைநோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று பாதையும் ஏறிக்கொண்டே போனது. நாம் ரசிக்கும் காட்சி, மூட்டைகளுக்காகப் போட்ட பாதையின் உபரி வரவு.

அந்த இரண்டு வினாடிப் பெண்களுக்கு வருவோம். அவர்களுடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். ஆரம்பத்தில் வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அப்படி அனுப்பப்பட்டவர்கள் மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போனது ரயிலில். அந்த ஊர்ப் பேச்சில் ரயிலுக்குக் 'கோச்சி' என்று பேர். இந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறியவர்களும் அழுதார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள். பாட்டன் கால்நடையாக வந்த மலையை விட்டுப் பேரன் கோச்சியில் இறங்கினான்.

பயணக் காணொளி வரலாற்றுப் பாடம் எடுக்கணுமா என்று கேட்கலாம். வேண்டாம். ஆனால் எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் காட்சி நல்லா இருக்கும் என்று ஐந்து நிமிஷம் சொல்கிறவர்கள், அந்தக் காட்சியில் நிற்பவர் யாரென்று அரை நிமிஷம் சொல்லலாம் இல்லையா? லயன் வீடுகள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தெரிகின்றன. கேமராதான் அந்த இடத்தில் வெட்டிக்கொள்கிறது.

நான் பார்த்த காணொளிகள் எல்லாமே மேலே ஏறுகிற ரயில். ஒப்பாரிக் கோச்சி கீழே இறங்கிய ரயில். தண்டவாளம் அதேதான். அடுத்த முறை பதுளையில் ஏறி இறங்குமுகமாக வரலாம் என்றிருக்கிறேன்.