மாதவியின் இரு முடங்கல்கள்: பிரிவும் ஆற்றியிருத்தலும்

ஆய்வுச்சுருக்கம்

உறவு முறிந்தபின் நேரும் தனிமையைச் சிலப்பதிகார மாதவி எதிர்கொண்ட முறையை, அவள் கோவலனுக்கு எழுதிய இரு முடங்கல்களையும் மணிமேகலையில் இடம்பெறும் அவளது துறவையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாதவி, முடங்கல், பிரிவு, ஆற்றியிருத்தல், துறவு

முன்னுரை

அகமரபில் ஆற்றியிருத்தல் என்பது தலைவன் மீள்வான் என்னும் உறுதியின்மேல் நிற்பது. கண்ணகியின் பிரிவுத்துயருக்கு இல்லறம் ஒரு வடிவம் தந்தது. அவளுக்கு ஆறுதல் கூறத் தேவந்தியும் இருந்தாள். கானல்வரிக்குப்பின் தனித்துவிடப்பட்ட மாதவிக்கோ, கணிகை என்பதால் அத்தகைய சமூக இடம் இல்லை. அவள் துயரையே ஊர் நடிப்பெனக் கொள்ள இடமுண்டு. தன் துயர் உண்மையானது என்பதை நிறுவவேண்டிய நிலையே அவள் தனிமையின் கொடுமை.

முதல் முடங்கல்

வேனிற்காதையில் மாதவி பல பூக்களால் தொடுத்த மாலையின் இடையே அமைந்த தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு செம்பஞ்சுக் குழம்பால் எழுதுகிறாள். இளவேனிலும் திங்களும் காமனும் பிரிந்தோரை வருத்தும் என்பதே அதன் பொருள். பிரிந்தார் எவரும் எழுதத்தக்க பொதுமொழி அது. கானல்வரியில் நிகழ்ந்தது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கோவலன் அவளை ஆடல்மகள் எனச் சுட்டி, அவள் அன்பை நடிப்பின் வகைகளாக அடுக்கி, முடங்கலை ஏற்க மறுக்கிறான். மரபின் அழகே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

இரண்டாம் முடங்கல்

புறஞ்சேரி இறுத்த காதையில் கௌசிகன் கொண்டுவரும் முடங்கலில் வேனிலும் இல்லை, காமனும் இல்லை. பெற்றோர்க்குச் செய்யும் பணியை விட்டு, குலமகளோடு இரவில் ஊர் நீங்கியதற்குத் தான் செய்த பிழை யாது என்று மாதவி வினவுகிறாள். தன் துயரை மட்டுமே பேசியவள், பிறர் துயரையும் எண்ணும் நிலைக்கு வந்துவிட்டாள். மீண்டு வருமாறு அவள் வேண்டவில்லை. காரணம் அறியாது வருந்தும் நெஞ்சின் கலக்கம் தீர்க்குமாறே வேண்டுகிறாள்.

கோவலன் அவளிடம் தீதில்லை என்றும் தீது தன்னதே என்றும் தெளிகிறான். இப்பகுதியைக் கோவலனின் மனமாற்றமாக மட்டும் காண்பது போதாது. அவள் ஓலையின் பொருள் தன் பெற்றோர்க்கும் பொருந்தும் எனக் கருதி, அதனை அவர்களிடம் சேர்க்குமாறு கௌசிகனிடமே அளித்துவிடுகிறான். மாதவி குற்றமற்றவளாகிறாள், அவளுக்கு மறுமொழி மட்டும் எழுதப்படவில்லை.

துறவும் நினைவும்

கோவலன் இறந்தபின் மாதவி அறவண அடிகளைச் சரணடைந்து வாய்மை நான்கும் சீலம் ஐந்தும் பெறுகிறாள். ஊரலர் உரைத்த காதையில், காதலன் இறந்தது கேட்டும் உயிர் நீங்காது நின்றதைத் தன் நாணமின்மையாக உரைக்கிறாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகளாகவே குறிக்கிறாள். ஒருகாலத்தில் போட்டியாக நின்ற உறவைத் தாய்மை உறவாக மாற்றிக்கொள்வது அவள் ஆற்றலின் உச்சம்.

எனினும் துயர் முற்றும் அழிந்ததாகச் சாத்தனார் காட்டவில்லை. மலர்வனம் புக்க காதையில், தாய் உரைத்தது கேட்ட மணிமேகலையின் கண்ணீர் தொடுக்கும் மாலையை நனைக்கிறது. மாதவி மகளின் கண்ணீரைத் துடைத்து, புதுமலர் கொணருமாறு பணிக்கிறாள். முன்பு காதலனை அழைக்க மாலையில் மடல் வைத்தவள், இங்கு மாலையை மீண்டும் தொடங்கச் செய்கிறாள்.

முடிவுரை

மாதவி தனிமையை வென்றாள் என்பதைவிட, அதனைச் சொல்லும் மொழியை மாற்றிக்கொண்டாள் என்பதே பொருந்தும். முதல் மடலின் பொதுமொழியிலிருந்து இரண்டாம் ஓலையின் வினாவுக்கும், அவ்வினாவிலிருந்து மகளுக்கான பொறுப்புக்கும் அவள் நகர்கிறாள். அவளது துறவு மறதியன்று. மறுமொழி வாராத உறவின் நினைவோடு வாழக் கற்றதன் வடிவமே ஆகும்.