ரோமான்ஷ் மொழியும் சீர்திருத்தத் திருச்சபையும்

சுவிட்சர்லாந்தின் ரோமான்ஷ் மொழியைச் சீர்திருத்த இயக்கமே வாழ்வித்தது என்று எழுதப்படுவதுண்டு. நாமும் வகுப்பறையில் அவ்வாறு கற்பிக்கிறோம். இக்கூற்று பாதி உண்மை என்பதே நம் துணிபு.

கிராவ்புண்டன் மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் வழங்கும் இம்மொழி இலத்தீனின் வழிவந்தது. 2000-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், தாம் மிக நன்றாக அறிந்த மொழி இதுவே என்றோர் 35,095 பேர் மட்டுமே. பிரெஞ்சும் இத்தாலியமும் ஆலயத்தின் பெயரை 'எக்லேசியா' என்னும் சொல்லினின்று பெற்றிருக்க, ரோமான்ஷ் அதனை 'பசிலிக்கா' என்பதினின்று பெற்று 'பசெல்ஜா' என்கிறது. கூடிவந்த சபையைவிடக் கட்டடமே சொல்லில் நிலைத்துவிட்டது இறையியல் மாணவரின் சிந்தனைக்குரியது.

மேல் எங்கடினைச் சேர்ந்த ஸமேடன் ஊரினர் யாக்கியம் பிப்ருன். இவர் போதகர் அல்லர், சட்டம் பயின்றவர். 1552-இல் கொமாந்தரின் வினாவிடை நூலையும், 1560-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தம் மக்களின் பேச்சில் அச்சிட்டுத் தந்தார். அதற்குமுன் அம்மொழியில் அச்சு நூலே இல்லை. எவ்வொலிக்கு எவ்வெழுத்து என்பதையும் அவரே துணியவேண்டியிருந்தது. இப்பணியின் அருமையைக் குறைத்துக் கூறுதல் தகாது.

ஆயினும் 1562-இல் வெளிவந்த தூரிக் கியாம்பெலின் சங்கீதப் புத்தகம் பிப்ருனின் வழக்கைப் பின்பற்றவில்லை. கீழ் எங்கடினின் வழக்கிலேயே எழுந்தது. மக்கள் பாடவேண்டிய நூலுக்கு அது பொருத்தமே. ஒலி வேறுபாடு மெய்யானது. யோவான் நற்செய்தியின் முகப்பில் வரும் 'ஒளி' என்னும் சொல் எங்கடினில் இதழ் குவித்து 'ல்யூஷ்' என்றும், மேற்கே சுர்செல்வாவில் இதழ் குவியாமல் 'லியிஷ்' என்றும் ஒலிக்கும்.

நம் கண்டனம் சுர்செல்வாவைப் பற்றியதே. அங்கே 1611-இல் இலான்ஸின் போதகர் ஸ்டெஃபான் காப்ரியேல் சீர்திருத்த சபையாருக்கென நூல் வெளியிட்டார்; கத்தோலிக்கரும் தம் நூல்களை அச்சிட்டனர். ஒரே பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர்க்கு ஓர் எழுத்துமுறை, சீர்திருத்த சபையார்க்கு வேறோர் எழுத்துமுறை என்னும் நிலை 20-ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. இதற்கு மலையைக் காரணம் காட்ட இயலாது. ஒருவன் எழுதும் எழுத்தே அவன் எச்சபையான் என்று காட்டிக்கொடுத்தது. நற்செய்தியை எளியோர்க்குத் திறப்பதற்கென எழுந்த எழுத்து, அயலானை அடையாளம் காணும் குறியாயிற்று. இப்பழியில் இரு சபைகளுக்கும் பங்குண்டு.

அப்படியானால் வழிபாட்டுக்குப் பெருமொழியொன்றை ஏற்பதே நன்றோ? இத்தாலிய ஆல்ப்ஸின் வால்தென்சியர் அதனைச் செய்தனர். ஒக்சித்தான் பேசிய அவர்கள் 1532-இல் சான்ஃபோரானில் கூடி, பிரெஞ்சு வேதாகமத்துக்குப் பொருளுதவி செய்யத் தீர்மானித்தனர். அது 1535-இல் வெளிவந்தது. 1630-இன் கொள்ளைநோயில் போதகர் பெரும்பாலோர் மாண்டபின், பிரெஞ்சில் பிரசங்கிப்போர் வந்தனர். தாய்மொழி வீட்டளவில் நின்றது. அச்சபை பிளவுபடவில்லை, ஆனால் தன் சொந்தப் பேச்சில் பிரசங்கம் கேட்கும் பேற்றை இழந்தது. இவ்விரண்டினுள் பிப்ருனின் வழியையே நாம் தெரிந்துகொள்வோம்.

1982-இல் அறிஞர் ஹைன்ரிக் ஷ்மித் ஐந்து எழுத்துவழக்குகளுக்கும் பொதுவான 'ருமாஞ்ச் கிரிஷுன்' என்னும் வடிவை வகுத்தார். பாடநூல்களை அதில் மட்டுமே அச்சிடுவதென 2003-இல் மாநிலம் எடுத்த முடிவு, எதிர்ப்பு மிகவே 2011-இல் கைவிடப்பட்டது. எதிர்த்தோரைக் குறுகிய மனத்தினர் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அவர்கள் காக்க விரும்பிய வழக்குகளில் சில, நம் முன்னோடிகள் வேதாகமத்தையும் சங்கீதத்தையும் கொடுத்து நிலைநிறுத்தியவை.