விளம்பரம் பார்த்தால் பணம் தரும் செயலி: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது என்ன?

“தினமும் வீட்டிலிருந்தே விளம்பரம் பாருங்கள், சம்பாதியுங்கள்.” வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிச் சுற்றும் செயலிகளில் ஒன்றைத் தனி போன், தனி சிம், சொற்ப இருப்புள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சோதித்தேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இவற்றின் பெயரும் லோகோவும் அடிக்கடி மாறும். உள்ளே இருக்கும் ஏற்பாடு மாறுவதில்லை.

நிறுவுதல்

பிளே ஸ்டோரில் இது கிடையாது. குழுவில் வரும் இணைப்பிலிருந்து ஏபிகே கோப்பாக இறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு எச்சரிக்கிறது, அதை எப்படித் தாண்டுவது என்று விளக்கும் வீடியோவும் கூடவே அனுப்பப்படுகிறது. திறந்ததும் தொடர்பு எண்களையும் எஸ்எம்எஸ்களையும் படிக்க அனுமதி கேட்கிறது. வங்கி ஓடிபி வருவது எஸ்எம்எஸ்ஸில்தான். இரண்டையும் மறுத்தேன். செயலி வழக்கம்போல ஓடியது. அப்படியானால் அந்த அனுமதி விளம்பரம் காட்டுவதற்காகக் கேட்கப்பட்டதில்லை.

பயன்பாடு

தமிழில் தெளிவான மெனு, பெரிய பொத்தான்கள். வீடியோ முடிந்ததும் காசு விழும் ஓசையோடு மேலே வாலட் தொகை ஏறுகிறது. தொடக்கத்தில் ஒரு சிறு தொகையை எடுக்க முயன்றேன்; உடனே கணக்குக்கு வந்துவிட்டது. செயலியிலேயே மிகக் கவனமாக வடிவமைக்கப்பட்ட பகுதி இதுதான். பணம் வந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பித்தான் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் சேர்கிறார்கள்.

பணம் எடுத்தல்

அடுத்த முறை எடுக்க, குறைந்தபட்ச இருப்பு என்ற வரம்பு வந்தது. அதை நெருங்க நெருங்க ஒரு வீடியோவுக்குக் கிடைக்கும் காசு குறைந்தது. எட்டியதும் புதிதாக ஆள் சேர்க்கச் சொன்னது. அல்லது பணம் கட்டி ‘கோல்டு’ உறுப்பினராகலாம் என்றது. உதவி மையத்தைக் கேட்டபோது, ஜிஎஸ்டியையும் பரிசீலனைக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். அனுப்பச் சொன்ன யுபிஐ முகவரி ஒரு தனிநபருடையது. வருமானத்துக்கு வரிப் பிடித்தம் உண்டென்றால், தருகிறவர் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். நம்மிடம் முன்பணம் கேட்க மாட்டார். கட்ட மறுத்தேன், கணக்கு முடக்கப்பட்டது.

கணக்கு எங்கே உதைக்கிறது?

இணைய விளம்பரம் பெரும்பாலும் ஆயிரம் பார்வைகளுக்கு இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. ஒரு பார்வைக்குச் சில பைசாக்கள் கிடைத்தாலே பெரிது. அதிலிருந்து பார்வையாளருக்கு ரூபாய்க் கணக்கில் கொடுக்க வழியே இல்லை. காசு கொடுத்து விளம்பரம் பார்க்க வைப்பதை கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் விதிகளும் தடைசெய்கின்றன. பொருள் வாங்கும் எண்ணமில்லாத பார்வைக்கு எந்த வியாபாரி விலை கொடுப்பார்? ஆக, பழைய உறுப்பினருக்குப் போகும் பணம் புதியவர் கட்டிய சந்தாவிலிருந்தே வந்தாக வேண்டும். சேருவோர் குறைந்த அன்று பணமும் நின்றுவிடும்.

இது பழைய கதை. 2011இல் ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் 11,000 ரூபாய் சந்தா வாங்கிக்கொண்டு, கருத்துக்கணிப்புகளை நிரப்பினால் வாரம் 1,000 ரூபாய் என்றது. 2017 பிப்ரவரியில் நொய்டாவின் ‘சோஷியல் டிரேட்’ பிடிபட்டது. 5,750 முதல் 57,500 ரூபாய் வரை கட்டினால் ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் என்ற திட்டம் அது; மோசடித் தொகை சுமார் 3,700 கோடி ரூபாய் என்றது உத்தரப் பிரதேசக் காவல்துறை. 2024 ஜனவரியில் கோவையில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் மீது வழக்குப் பதிவானபோது, அந்நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூரில் திரண்டார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். பணம் போட்டவர்களுக்குக் கேள்வி கேட்பதே நஷ்டமாகத் தோன்றும் நிலையை அந்தக் கூட்டம் காட்டியது.

ஒப்பீடு

கூகுள் ஒப்பினியன் ரிவார்ட்ஸ் செயலியையும் இதனோடு வைத்துப் பார்த்தேன். சேரக் கட்டணமில்லை, ஆள் சேர்க்க வேண்டியதில்லை. கருத்துக்கணிப்புக்குப் பதிலளித்தால் கிடைப்பது மிகச் சிறிய தொகை. அதுவும் ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் இருப்பாகவே சேரும். ஓய்வு நேர வேலைக்கு உண்மையான சந்தை விலை அவ்வளவுதான்.

தீர்ப்பு

நிறை: எளிய தமிழ் இடைமுகம். குறை: வேலைக்குரிய பணம் வராது, தனிப்பட்ட தகவல் போகும், கையிலிருப்பதும் கரையும். நிறுவ வேண்டாம். வேலை தருகிறவர் நம்மிடமே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். வேறு சோதனை தேவையில்லை. பரிசுச்சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978 முதலே இருக்கிறது. அதன்படி இத்தகைய திட்டத்துக்கு ஆள் சேர்ப்பவரும் குற்றவாளியாகலாம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இணைய நிதி மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். விரைவில் சொன்னால் தொகையை வங்கியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் யாராவது ஏமாந்திருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர் மறைக்கும் நேரத்தில்தான் அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுகிறது.